துப்பாக்கிக்குப் பக்கத்தில் கேட்ட கேள்வி

போன மாதம் உங்களில் ஒருவர் தம்முடைய அறிக்கையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தோட்டக் குடியிருப்புகளில் தண்ணீர் வசதி எப்படி என்று ஆய்வு. "கேட்டவங்க எல்லாருமே திருப்தின்னுதான் சொன்னாங்கக்கா" என்றார். எங்கே உட்கார வைத்துக் கேட்டீர்கள் என்றேன். "தோட்ட ஆபீஸ்லதான். மேனேஜர் ரொம்ப நல்லவரு லா, ஏர்கோன் ரூமே கொடுத்தாரு. அவரும் கூடவே இருந்து உதவி பண்ணாரு."

அறிக்கையை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் வாடிப் போனது. வாடட்டும். எனக்கு அன்று வந்த கோபம் அவர்மேல் மட்டும் வந்ததல்ல. அந்தக் கோபத்துக்கு வயது அதிகம். அது எங்கே பிறந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

உங்கள் பாடப்புத்தகங்களில் ஆய்வை வகைவகையாகப் பிரித்திருக்கிறார்கள். இருப்பதை இருக்கிறபடி சொல்வது விவரிப்பு ஆய்வு. ஏன் இப்படி இருக்கிறது என்று தேடுவது காரண ஆய்வு. ஒன்றை நாமே மாற்றிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது சோதனை ஆய்வு. பிரிவெல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு மனுஷி கூட இல்லை. நான் இந்த மூன்று வகையையும் ஒரே தோட்டத்தில், முள்கம்பி வேலிக்குள் வைத்துக் கற்றேன். அங்கே ஒவ்வொரு வகைக்கும் ஒரு முகம் இருந்தது.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசர காலம் அது. குவாலா சிலாங்கூரிலிருந்து வடக்கே உள்ளே போகும் செம்மண் சாலையில் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று ரவாங்கிலும் தஞ்சோங் காராங்கிலும் சிதறி இருக்கிறார்கள். யாரையும் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. சங்கடப்பட வேண்டியவர்கள் எல்லாரும் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

ஆற்றோரத்தில் ஒரு டிவிஷன், மேட்டில் ஒரு டிவிஷன் என்று தள்ளித் தள்ளி இருந்த தொழிலாளர் லயங்களை எல்லாம் பெயர்த்து, ஒரே இடத்தில் வைத்து, சுற்றிலும் முள்கம்பி அடித்திருந்தார்கள். உள்ளேயும் ஒரு குறுக்கு வேலி போட்டு, இந்தப் பக்கம் ஆற்றோரத்து ஆட்கள், அந்தப் பக்கம் மேட்டு ஆட்கள் என்று பிரித்திருந்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பது சட்டம். அதனால் வீட்டுக்கு அரிசி கொடுப்பதில்லை. பொதுச் சமையல்கூடத்தில் ஆக்கி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாலையில் போடுவார்கள். விடிந்தால் வாசல் திறக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற ஆண், பெண் எல்லாரையும் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறோ, ஒரு துண்டு ரொட்டியோ அந்த வாசலைத் தாண்டக் கூடாது. கோப்பியில் சர்க்கரை இருந்தாலும் கீழே ஊற்றச் சொல்வார்கள்.

இந்த ஏற்பாடு வந்து கொஞ்ச காலத்தில் பெண்கள் மயங்கி விழ ஆரம்பித்தார்கள். ஆண்களுக்கு ஒன்றுமில்லை, பெண்களுக்கு மட்டும். மரத்தடியில் கத்தியைக் கையில் பிடித்தபடி விழுந்தார்கள். பால் வாளியோடு விழுந்தார்கள். ஒரு கர்ப்பிணி மடுவில் விழுந்து பிள்ளையை இழந்தாள். தோட்டத்துரை மேலிடத்துக்கு எழுதினார்: இது குடற்புழுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடிப்பாக இருக்க வேண்டும். மேலிடம் ஒரு வெள்ளைக்கார டாக்டரை ஆய்வுக்கு அனுப்பியது. பெண்களிடம் தமிழில் பேச ஆள் தேவைப்பட்டதால் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என்னை இரவல் வாங்கினார்கள். நானும் லயத்தில் பிறந்தவள்தான். மாதா கோவில் பள்ளிக்கூடம் என்னை அங்கிருந்து வெளியே கொண்டுவந்திருந்தது.

டாக்டர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை உங்களுக்கு ரொம்ப லேசாகிவிடும். கவனமான மனிதர். எல்லாரிடமும் ஒரே கேள்வியை, ஒரே வார்த்தைகளில், ஒரே வரிசையில் கேட்க வேண்டும் என்பார். சரியான பாடம்தான். ஆனால் எங்கே உட்கார்ந்து கேட்பது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. தோட்டத்துரை தீர்மானித்தார். வாசலுக்குப் பக்கத்தில், சோதனை போடும் கொட்டகையில், மேசை போட்டுக் கொடுத்தார். எல்லாரும் அந்த வழியாகத்தானே வர வேண்டும், உங்களுக்கு வசதி என்றார். டாக்டர் நன்றி சொன்னார்.

மேசைக்கு இந்தப் பக்கம் நானும் டாக்டரும். பின்னால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, கையைக் கட்டிக்கொண்டு. கொட்டகைத் தூணில் சாய்ந்தபடி துப்பாக்கியோடு ஒரு கான்ஸ்டபிள். முதலில் வந்த பெண்ணிடம் நான் கேட்டேன்: "உங்கள் வீட்டுக்குக் கிடைக்கும் சோறு போதுமானதாக இருக்கிறதா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்தாள்.

"போதுங்கய்யா" என்றாள். கேள்வி கேட்டது நான். பதில் போனது அய்யாவுக்கு.

அடுத்தவளும் போதும் என்றாள். அதற்கு அடுத்தவளும் அப்படியே. கன்னம் ஒட்டிப் போன ஒருத்தி "மிச்சமே இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, உடனே பதறி, "இல்லிங்க, மிச்சமெல்லாம் இல்லிங்க, சரியா இருக்குங்க" என்றாள். மிச்சம் இருக்கிறது என்றால் அது எங்கே போகிறது என்று கேட்பார்களே! போதவில்லை என்றால் யாருக்கோ கொடுத்திருக்கிறாய் என்பார்களே! அந்த வாசலில் ஒரு பெண் பிழைப்பதற்கு இருந்தது ஒரே ஒரு வார்த்தைதான். எல்லாரும் அதைச் சொன்னார்கள்.

ஜீப்பில் திரும்பும்போது டாக்டர் திருப்தியாக இருந்தார். உணவு போதுமானது, ஆகவே பட்டினி காரணமல்ல, அடுத்து ரத்தத்தைப் பார்ப்போம் என்றார்.

"டாக்டர், அந்தப் பதில்கள் சோற்றைப் பற்றியவை அல்ல" என்றேன்.

"பிறகு எதைப் பற்றியவை?"

"துப்பாக்கியைப் பற்றியவை."

அவர் சிரித்தார். "சிஸ்டர், எல்லாரிடமும் ஒரே மாதிரிதானே கேட்டோம்?"

"ஆமாம். ஒரே கேள்வி, ஒரே துப்பாக்கி."

அவருக்கு அது பிடிக்கவில்லை. முதல்கட்டக் கண்டறிதல் என்று தலைப்புப் போட்டு, உணவு போதுமானது என்று எழுதி, மரியாதைக்காகத் தோட்டத்துரைக்கும் ஒரு பிரதி கொடுத்தார். மரியாதை! ஆய்வு முடியும் முன்னே அதன் பாதியை யார் கையில் கொடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள் பிள்ளைகளே. அது நம் கையை விட்டுப் போன பிறகு நமக்குக் கட்டுப்படாது.

அடுத்து ரத்தம் எடுத்தோம். பெண்களுக்கு ரத்தசோகை இருந்தது, குடற்புழுவும் இருந்தது. தோட்டத்துரை துள்ளிக் குதித்தார். நான் சொன்னேன்தானே! டாக்டரும் பாதி நம்பிவிட்டார். ஆனால் அதே புழு ஆண்கள் வயிற்றிலும் இருந்தது. அதே புழு வேலி வருவதற்கு முந்தியும் இருந்தது. அப்போது யாரும் விழவில்லையே! எப்போதும் இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, புதிதாக வந்த ஒன்றுக்கு அதுதான் காரணம் என்று சொல்வது எவ்வளவு சௌகரியம் தெரியுமா? புழுவின் மேல் யாரும் கேள்வி கேட்க முடியாது. அதற்கு அதிகாரம் இல்லை, ஆபீஸ் இல்லை. இந்த நாட்டு ஏழை ஜனங்களைப் பற்றிய எத்தனை ஆய்வுகள் இப்படி ஒரு புழுவைத் தேடிப் பிடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகின்றன!

டாக்டரிடம் ஒன்று கேட்டேன். என்னை ஒரு வாரம் பெண்களோடு அவர்கள் மரம் வெட்டும் நிரைக்குப் போக விடுங்கள். கேள்வி எதுவும் கேட்க மாட்டேன், கூட நடந்து பார்த்துவிட்டு வருகிறேன். அவர் தயங்கினார். நடப்பது ஆய்வு ஆகாது என்றார். பிறகு, புழுக் கணக்கு அவர் மனசையும் உறுத்தியிருக்க வேண்டும், போய் வாருங்கள் என்றார்.

அப்படித்தான் பாக்கியத்தோடு போனேன். ஆற்றோர டிவிஷன் பெண். என் வயதுதான் இருக்கும், மூன்று பிள்ளைகள். புருஷன் சின்னக்கண்ணு தோட்டத்து லோரியில் சாமான் ஏற்றி இறக்குபவர். பாக்கியம் முதலில் என்னோடு பேசவே இல்லை. நான் அவளைப் போலவே வெறும் கோப்பியோடு வந்து, அவளைப் போலவே கொசுக்கடியில் நின்றேன். வெயில் ஏறியபோது எனக்குக் கண் இருட்டியது. மரத்தைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"பசிக்குதா மிஸ்ஸி?"

"பசிக்குது."

"எனக்கும்தான். ஆனா பழகிப் போச்சி."

"வாசல்ல கேட்டப்ப போதும்னு சொன்னீங்களே?"

அவள் மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் வழிந்த பாலை விரலால் வழித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வாசல்ல வேற என்னாத்த சொல்றது?"

"வீட்டுக்குச் சோறு போடுறாங்கதானே? அதுல நீங்க சாப்பிடுறதில்லையா?"

"முன்னெல்லாம் சோத்தை வாளியில வச்சி இங்க எடுத்தாந்துருவேன். மரம் வெட்டி முடிச்சிட்டு, பால் எடுக்கிறதுக்குள்ள, இங்க குந்தித் தின்னுருவேன். இங்க புள்ளைங்க இல்ல பாருங்க. இங்க தின்னா அது என் சோறு. வீட்டுல வச்சிக்கிட்டு நான் எப்படித் தின்ன முடியும்? மூணும் வாயையே பாக்குதுங்க. அங்க இருக்கிற சோறெல்லாம் புள்ளைங்க சோறுதான்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் கேள்வி என்ன? வீட்டுக்குச் சோறு போதுமா? வீட்டுக்குப் போதும்! வீடு மயங்கி விழவில்லை. தாய் விழுகிறாள். குடும்பத்தை ஒரு வாயாக வைத்துக் கேட்டோம், குடும்பமும் ஒரு வாயாகப் பதில் சொன்னது. அந்த வாய்க்குள் யாருடைய பங்கு கடைசி, யாருடைய பங்கு காணாமல் போகிறது என்று நாங்கள் கேட்கவே இல்லை. வாசலில் சோற்றைத் தடுத்த சட்டம் காட்டுக்குள் இருந்தவர்களுக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பெண்களுக்கு உலகத்தில் தங்களுக்கென்று இருந்த ஒரே வேளைச் சோற்றைப் பிடுங்கிவிட்டது. ஆண்கள் ஏன் விழவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. வீட்டில் ஆணுக்கு முதலில் போட்டுவிடுவார்கள்.

டாக்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் கேட்டார், மறுக்கவில்லை. இது நல்ல கருதுகோள், இனி நிரூபிக்க வேண்டும் என்றார். காலையில் வாசலுக்கு உள்ளேயே நிற்க வைத்துப் பெண்களுக்குக் கஞ்சி கொடுப்போம். குடித்துவிட்டு வெளியே போகட்டும். வயிற்றில் போவதைப் போலீஸ் தடுக்காது. எனக்கு மனம் குளிர்ந்தது. பிறகு அவர் சொன்னார்: ஆற்றோர டிவிஷனுக்குக் கொடுப்போம், மேட்டு டிவிஷனுக்குக் கொடுக்க வேண்டாம், சில மாதங்கள் இரண்டையும் ஒப்பிடுவோம்.

"எந்தப் பெண்களைப் பட்டினி போடப் போகிறோம், டாக்டர்?"

"நான் யாரையும் பட்டினி போடவில்லை. அவர்கள் இப்போதும் சாப்பிடவில்லை. அவர்களிடமிருந்து நான் எதையும் எடுக்கவில்லையே."

"எடுக்கவில்லைதான். கஞ்சி கொதிக்கிற வாசனையை மட்டும் கொடுக்கிறீர்கள்."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மயக்கம் குறைந்தால், மழை வந்ததால் குறைந்தது, இலையுதிர்ந்து வெட்டுக் குறைந்ததால் குறைந்தது என்று தோட்டத்துரை சொல்வார். ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால் நம் வாயை அடைத்துவிடுவார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். அநியாயமாகப் பேசுகிறவரோடு சண்டை போடுவது சுலபம். கடைசியில் ஒன்று சொன்னேன். இரண்டு டிவிஷனுக்கும் கொடுப்போம். ஒரே பானைதான் இருப்பதால் முதலில் ஆற்றோரம், கொஞ்ச வாரம் கழித்து மேடு. அந்த இடைவெளியில் உங்கள் ஒப்பீடும் கிடைக்கும், யாரும் விட்டுப் போகவும் மாட்டார்கள். யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஆனால் தோட்டத்துரை ஒப்புக்கொள்ளவில்லை. விடிகாலைப் பால்தான் நன்றாக இறங்கும், கஞ்சி குடித்துக்கொண்டு நின்றால் நேரம் போய்விடும் என்றார். "உங்கள் ஆய்வே உணவு போதும் என்கிறதே?" என்று கேட்டுவிட்டு அந்த முதல்கட்டப் பிரதியை மேசைமேல் தட்டினார்.

அந்த இழுபறியில் இருக்கும்போதுதான் பாக்கியம் பிடிபட்டாள்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சோதனை போடுகிற பெண் பாக்கியத்தின் வாளிக்குள் கையை விட்டாள். அடியில் கந்தல் துணி, அதற்குள் வாழையிலை, அதற்குள் ஒரு கை சோறு. கான்ஸ்டபிள் ஓடி வந்தான். போலீஸ் அதிகாரி வந்தார். "யாருக்கு எடுத்துட்டுப் போற?"

"என் வயித்துக்குங்கய்யா. நேத்து என் பங்க திங்காம வச்சிருந்தேன்யா. அவ்வளவுதான்யா."

"உன் வயித்துக்குன்னா வீட்டுலயே தின்ன வேண்டியதுதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த பதில்தான். ஆனால் அந்த வாசலில் அதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? அவளை லோரியில் ஏற்றினார்கள். பல வருஷம் உள்ளே தள்ளக்கூடிய குற்றம் அது. அவளுடைய கடைசிப் பிள்ளை லோரிக்குப் பின்னால் ஓடி விழுந்தது. வரிசையில் நின்ற பெண்கள் யாரும் அசையவில்லை. அசைந்தால் அவர்களும் கூட்டு.

டாக்டர், நீங்கள் வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஆய்வாளர் வழக்கில் தலையிடக் கூடாது என்றார். நாம் பார்க்க வந்தவர்கள், தலையிட்டால் ஆய்வு கெட்டுப் போகும் என்றார். "நீங்கள் சாட்சிக்குப் போனால் இந்தத் தோட்டத்துக்குள் நாம் இனி கால் வைக்க முடியாது, சிஸ்டர். அப்புறம் கஞ்சியும் இல்லை."

எங்கள் மாதா கோவிலுக்கு வரும் ஒரு வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். நான் சாட்சிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் சின்னக்கண்ணு என் காலில் விழாத குறை. "அவ திங்கத்தான் எடுத்துட்டுப் போனா, நான் கண்ணால பாத்தேன்னு சொல்லிடுங்க மிஸ்ஸி. நீங்க சொன்னா கேப்பாங்க."

கோர்ட்டில் அரசாங்கத் தரப்பு அதிகாரி எழுந்தார். கையில் எங்கள் முதல்கட்டக் கண்டறிதல். தோட்டத்துரை கொடுத்திருக்கிறார். வாசித்தார்: கேட்கப்பட்ட பெண்கள் அனைவரும் உணவு போதுமென்றே கூறினர். என்னைப் பார்த்தார்.

"இந்தப் பெண்ணிடமும் கேட்டீர்களா?"

"கேட்டேன்."

"போதும் என்றாளா?"

"சொன்னாள்."

"போதும் என்றால் இந்தச் சோறு எதற்கு?"

அந்த நொடியை இன்றைக்கும் மறக்கவில்லை. எங்கள் சொந்த ஆய்வு ஒரு பெண்ணின் கழுத்தில் கயிறாக விழுந்துகொண்டிருந்தது. நான் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னேன்: "அவள் என்ன சொன்னாள் என்று கேட்கிறார். எங்கே வைத்துச் சொன்னாள் என்றும் கேளுங்கள்."

"எங்கே?" என்றார் மாஜிஸ்திரேட்.

"சோதனைக் கொட்டகையில். அதோ உங்கள் கதவருகில் நிற்கிறாரே, அந்தக் கான்ஸ்டபிள் அன்றும் துப்பாக்கியோடு பக்கத்தில் நின்றார். பின்னால் தோட்டத்துக் கிராணி. அங்கே யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வந்திருக்கும். வேண்டுமானால் இப்போது இவளிடம் கேளுங்கள், இங்கேயும் போதும் என்றுதான் சொல்வாள்."

மாஜிஸ்திரேட் கதவைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிடிபட்ட சோறு இவள் தானே உண்ணக் கொண்டுபோனது என்று உங்களுக்குத் தெரியுமா?"

சின்னக்கண்ணு பெஞ்சின் முனைக்கே வந்துவிட்டார். ஒரு வார்த்தை. தெரியும் என்று ஒரு வார்த்தை.

"தெரியாது" என்றேன். "அந்தச் சோறு எங்கே போயிருக்கும் என்று நான் பார்க்கவில்லை. நான் இவளோடு நிரைக்குப் போன நாட்களில் இவள் ஒன்றும் சாப்பிடாமல் வேலை செய்ததைப் பார்த்தேன். இவளைப் போலவே வெறும் வயிற்றோடு நின்ற எனக்குக் கண் இருட்டியது. வீட்டில் தன் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவதாக என்னிடம் சொன்னாள், வழக்கு என்ற ஒன்று வருவதற்கு முன்பே சொன்னாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்."

பின்னால் சின்னக்கண்ணு அழுவது கேட்டது. வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். நான் தப்புச் செய்ததாக அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் சொல்லியிருந்தால், அந்த அதிகாரி இரண்டே கேள்வியில் என்னை உடைத்திருப்பார். பிறகு நான் பார்த்ததும் பொய்யாகியிருக்கும். ஆனால் சரியானதைச் செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

மாஜிஸ்திரேட் வழக்கை ஒத்திவைத்தார். ஆய்வை நடத்திய டாக்டர் வந்து விளக்க வேண்டும் என்றார்.

டாக்டர் வந்தார். அவருக்கு வேறு வழியில்லை, வரத்தான் வேண்டும். ஆனால் வந்து என்ன சொல்வது என்பது அவர் கையில்தான் இருந்தது. பதில்களைப் பொதுவாகத்தான் பார்க்க வேண்டும், ஒருத்தியைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்று நழுவியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதற்கு மதிப்பில்லை" என்றார். "நான் கேட்டதைக் கேள்வி என்றே சொல்ல முடியாது. ஆயுதத்துக்கு முன்னால் பெற்ற ஒப்புதலை நான் கண்டறிதல் என்று எழுதிவிட்டேன். இதைத் திரும்பப் பெறுகிறேன்."

தோட்டத்துரையின் முகம் சிவந்தது. அரசாங்கத் தரப்பு அதிகாரி, டாக்டரே தம் ஆய்வு தப்பு என்கிறாரா என்று ஏளனமாகக் கேட்டார். "ஆமாம், தப்பு" என்றார் டாக்டர்.

பாக்கியத்தை விட்டுவிட்டார்கள். சோறு காட்டுக்குப் போனது என்பதற்கு வேறு ஆதாரம் இல்லை என்றார் மாஜிஸ்திரேட். பெண்கள் மயங்கி விழுவதைப் பற்றித் தோட்டம் ஏதாவது செய்தால் நல்லது என்றும் கூட்டிச் சொன்னார். அதற்காகத்தான் தோட்டத்துரை கஞ்சிக்கு வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார். பாக்கியத்துக்கு அந்தக் கஞ்சி கிடைக்கவில்லை. கோர்ட்டு விட்டாலும் தோட்டம் விடவில்லை. அந்தக் குடும்பத்துக்கு லயத்தில் இடமில்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். பாசிர் பெனம்பாங்கில் மீன் உலர்த்துகிற வேலைக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். குற்றமில்லை என்று ஆன ஒருத்திக்கு இந்தத் தண்டனை. அதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டேன். தோட்டத்தின் முடிவு, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

கஞ்சி ஊற்றிய முதல் நாள் காலை. வாசலுக்கு உள்ளே பெரிய பானை. ஆற்றோரத்துப் பெண்கள் மங்கும் குவளையும் எடுத்துக்கொண்டு வரிசையில் வந்தார்கள். வாங்கிக்கொண்டு நேரே லயத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். பிள்ளைகளுக்கு! நான் குறுக்கே நின்றேன். "இங்கயே குடிங்க. இது உங்களுக்கு. புள்ளைங்களுக்குத் தனியா பாத்துக்கலாம். உங்களுக்கு, உங்களுக்கு." ஒருத்தி முதுகைக் காட்டி நின்று, முந்தானையால் மறைத்துக்கொண்டு, திருடுகிறவள் போல அவசர அவசரமாகக் குடித்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துக் குடித்தார்கள்.

டாக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். குறுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் மேட்டு டிவிஷன் பெண்கள், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வந்து நின்றிருந்தார்கள். அவர்களுடைய முறை சில வாரம் கழித்துத்தான். நான்தான் அந்த ஏற்பாட்டைச் சொன்னவள். அவர்கள் சத்தம் போடவில்லை. பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் நின்ற ஒருத்தி, வயிற்றுப்பிள்ளைக்காரி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எங்களுக்கு எப்ப மிஸ்ஸி?"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார். "என்ன கேட்கிறாள்?"

சொன்னேன்.

அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சமையல்காரரைக் கூப்பிட்டுப் பானையில் சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கச் சொன்னார். மிச்சத்தை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஊற்றச் சொன்னார். நாளையிலிருந்து எப்பாடு பட்டாவது இரண்டாவது பானைக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

"உங்கள் ஒப்பீடு?" என்றேன். என் திட்டம்தானே அது, எனக்கும் வலித்தது. "இப்படிச் செய்தால் நிரூபிக்க முடியாதே டாக்டர்."

"முடியாது" என்றார்.

பெண்கள் விழுவது குறைந்தது. மெல்ல மெல்ல நின்றே போனது. மழை வந்ததால் நின்றது என்று தோட்டத்துரை எழுதினார், டாக்டர் முன்பே சொன்னது போலவே. டாக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர் எழுதிய அறிக்கையை மேலிடத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் படித்துவிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: இந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை.

இல்லையாம்! அந்த வரியை டாக்டர் எனக்குக் காட்டியபோது பிடித்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை. இருந்தது. வெறும் வயிற்றோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றது. எங்களுக்கு எப்ப என்று தமிழில் கேட்டது.